இரட்டை எஞ்சினுக்கு மூட்டு செய்தவள்

நாச்சியாபுரம் பாண்டிமுருகன் மகள் அகல்யாவுக்கு ஒழுகுகிற குழாயைக் கண்டால் ஆகாது. கல்யாண வீட்டுக்குப் போனாலும், பந்தியில் உட்காருமுன் கைகழுவும் இடத்துக் குழாயை ஒரு திருகு திருகிவிட்டுத்தான் வருவாள். அது அப்பா வழியாக ஒட்டிக்கொண்ட பழக்கம். பாண்டிமுருகன் நெற்குப்பைப் பக்கம் ஓர் அரிசி மில்லில் பாய்லர் பார்க்கிறார். உமியை எரித்து, நீராவி ஏற்றி, அந்த ஆவியில் நெல் அவிக்கிற வேலை. அந்த வட்டாரத்துப் பாய்லர்காரர்களுக்குள் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. எவன் பாய்லரில் குழாய் மூட்டு ஒரு சொட்டு ஒழுகுகிறதோ, அவன் அன்றைக்கு மற்றவர்களுக்கு டீ வாங்கித் தர வேண்டும். பாண்டிமுருகன் ஊரான் காசில் குடித்த டீக்குக் கணக்கில்லை. தான் வாங்கிக் கொடுத்ததாக ஒருவரும் சொல்ல முடியாது.

இப்படிப்பட்டவரின் மகள், அந்த வீட்டின் முதல் பட்டதாரி. காரைக்குடியில் மெக்கானிக்கல் படித்தாள். வகுப்பில் பெண்கள் மிகக் குறைவு. உடன் படித்தவர்கள் சென்னைக்குப் போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்கள். அகல்யா மட்டும் இரும்போடு புழங்கும் வேலைதான் வேண்டும் என்று ஓசூருக்குப் போனாள். அங்கே அவள் பார்த்த வேலை, பச்சை விளக்கு எரிந்தால் ஒரு பொத்தானை அமுக்குவது, சிவப்பு எரிந்தால் மேலாளரைக் கூப்பிடுவது. அதற்கும் ஒரு நாள் ஆள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பையோடு பஸ்ஸை விட்டு இறங்கியபோது தெருவில் யாரும் அவளை ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததுதான் அதிகம் குத்தியது. முதுகுக்குப் பின்னால் மட்டும், "படிச்ச புள்ள திரும்பி வந்துருச்சு" என்று ஒரு குரல் வந்தது.

தான் இன்ஜினியர்தானா, இல்லை இன்ஜினியர் என்று எழுதிய காகிதம் வைத்திருப்பவளா என்ற கேள்வி அன்றைக்கு அவளுக்குள் வந்து குடியேறியது. அப்புறம் அது காலி செய்யவே இல்லை.

காரைக்குடியில் நாச்சியம்மை ஆச்சி வேலை கொடுத்தார். ஆச்சியின் பட்டறையில் பேக்கிங் செய்வார்கள். குழாயும் குழாயும் சேரும் இடத்தில், வால்வின் கழுத்தில், ஆவியோ தண்ணீரோ கசியாமல் இருக்க வைத்து இறுக்கும் கிராஃபைட் வளையங்கள். சுற்றுவட்டார மில்களுக்கெல்லாம் அங்கிருந்துதான் போகும். வளையம் செய்யும் நாடாவில் நம் சிவகங்கை மண்ணுக்கடியில் கிடைக்கிற கிராஃபைட்தான் இருக்கிறது என்று ஆச்சி அடித்துச் சொல்வார். நாடா விற்கிறவருக்கே அது தெரியாது. ஆச்சிக்குத் தெரியும்.

"ஏத்தா, பட்டறையில இன்ஜினியர்னு ஒனக்கு நாற்காலி போடுறேன். ஆனா ஒக்கார நேரமிருக்காது" என்று முதல் நாளே சொன்னார். இரண்டும் உண்மையாயின.

அங்கேதான் எஞ்சின் வந்து சேர்ந்தது. எஞ்சின் அல்ல, எஞ்சினின் கதை.

நெற்குப்பைக்கு வெளியே, பெரிய வீடுகளைப் பார்க்க வரும் வெளியூர்க்காரர்களுக்காக ஓர் அறக்கட்டளை சின்னத் தண்டவாளம் போட்டிருந்தது. பழைய மாந்தோப்பில் தொடங்கிக் கண்மாயைச் சுற்றிக்கொண்டு திரும்பி வரும். அதில் ஓட, வெளிநாட்டில் ஏதோ மூடிப்போன கரும்புத் தோட்டத்திலிருந்து ஒரு நீராவி எஞ்சினைக் கொண்டுவந்திருந்தார்கள். சாதாரண எஞ்சின் இல்லை. நடுவில் ஒரு பாய்லர். அதற்கு முன்னால் சக்கரமும் சிலிண்டருமாக ஓர் எஞ்சின், பின்னால் இன்னோர் எஞ்சின். பாய்லர் இரண்டுக்கும் நடுவே பல்லக்குப் போலத் தொங்கும். வளைவு வந்தால் முன் எஞ்சின் ஒரு பக்கம் திரும்பும், பின் எஞ்சின் தன் பாட்டுக்குத் திரும்பும். நீளமான எஞ்சின் குறுகலான வளைவில் தடம் புரளாமல் போக அந்தக் காலத்தில் கண்டுபிடித்த வித்தை. ஊர்ப் பிள்ளைகள் அதற்கு மரவட்டை என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

திட்டத்தைப் பார்த்துக்கொண்டவர் சத்தியப்பிரியா, மதுரைக்காரர், அகல்யாவைவிட நாலைந்து வயது மூத்தவர். பழைய எஞ்சினைப் பழையபடியே ஓட்டுவதில் அவருக்கு இஷ்டமில்லை. புகை வெளியேறும் குழலின் வாயை மாற்றினார். எஞ்சின் மூச்சுத் திணறாமல் இழுத்தது. எண்ணெய் தானாகச் சொட்டும் அமைப்பு வைத்தார். நிலக்கரிக்குப் பதில் உமிக்கட்டி எரியும்படி அடுப்பின் மேல்பக்கம் காற்றுத் துளைகள் போட்டார். புகை பாதியாகக் குறைந்தது. எல்லாம் சரியாக வந்தது. மிச்சம் நின்றது மூட்டு.

பாய்லர் ஓரிடத்தில், எஞ்சின்கள் வேறிடத்தில். நடுவில் ஆவி போக வேண்டும். ஆனால் எஞ்சின் திரும்பும், குழாய் திரும்பாது. அதனால் ஒவ்வோர் எஞ்சினுக்கும் அந்த இடத்தில் வெண்கல உருண்டை ஒன்று ஒரு கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கும், தொடையெலும்பு இடுப்புக் குழிக்குள் உட்கார்ந்திருப்பதைப் போல. உருண்டைக்கும் கிண்ணத்துக்கும் இடையில் பேக்கிங். இந்த ரக எஞ்சின்கள் தம் வாழ்நாள் முழுக்க அந்த மூட்டில் ஒழுகிக்கொண்டே இருந்தவை. டிரைவருக்கு முன்பாதை தெரியாத அளவுக்கு ஆவி மறைக்குமாம். வெளிநாட்டில் செய்து தரக் கேட்டால், கப்பலில் வந்து சேர ஆடி மாதம் ஆகும் என்றார்கள். திருக்கோஷ்டியூர் மாசித் தெப்பத்துக்கு வரும் கூட்டத்தை நம்பித் திறப்பு விழா வைத்திருந்தது அறக்கட்டளை.

சத்தியப்பிரியா பட்டறைக்கு வந்து படத்தை விரித்ததும் ஆச்சி அதைப் பார்க்கவே இல்லை. அகல்யாவின் முகத்தைப் பார்த்தார்.

"முடியுமாத்தா?"

"முடியும் ஆச்சி."

சொன்ன பிறகுதான் அவள் படத்தைச் சரியாகப் பார்த்தாள்.

வளையங்களைத் தானே வரைந்தாள், தானே அச்சில் அமுக்கினாள். பட்டறையில் வைத்துப் பம்ப்பால் அழுத்தம் ஏற்றிப் பார்த்தாள். ஒரு சொட்டு இல்லை. எஞ்சினில் பூட்டும்போது நட்டுகளை அப்பா இறுக்குவதைப் போல இறுக்கினாள், ஸ்பேனர் முனகும்வரை. மருதுபாண்டி என்ற திருப்பத்தூர்க்காரர்தான் டிரைவர், முன்னால் சர்க்கரை ஆலையில் பாய்லர் பார்த்தவர். எஞ்சினை நிறுத்தி வைத்தே ஆவியைத் திறந்தார். மூட்டு காய்ந்து கிடந்தது. தொட்டுப் பார்த்தவர்கள் கையில் ஈரம் இல்லை. ஆச்சி போனில் படம் எடுத்து உறவு முழுக்க அனுப்பினார். சத்தியப்பிரியா அகல்யாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அப்புறம் எஞ்சின் நகர்ந்தது. மாந்தோப்பைத் தாண்டும்வரை அழகாகப் போனது. கண்மாய்க்கரை வளைவில் பின் எஞ்சின் திரும்பவேண்டிய இடத்தில் ஒரு முறுக்கல் சத்தம். அடுத்து சட்டி உடைந்தது மாதிரி ஒரு டப். பின்பக்கம் முழுக்க வெள்ளையாக ஆவி கொட்டியது. கரையில் மேய்ந்த ஆடுகள் தண்ணீருக்குள் பாய்ந்தன. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பயணிகளும் ஏறியிருக்கவில்லை. ஆனால் அத்தனை பேர் பார்க்க மரவட்டையை டிராக்டர் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள்.

"நம்ம மரவட்டைக்கு மூலம் வந்துருச்சுடா" என்று ஒருவன் சொல்ல, டிராக்டர்காரன் சிரித்த சிரிப்பு அவள் காதை விட்டுப் போகவில்லை.

சத்தியப்பிரியா கோபப்படவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. "அகல்யா, இன்னும் ஒரு தடவை பார்க்கலாம். அதுலயும் சரியா வரலைன்னா வெளிநாட்டு ஆர்டரைப் போட்டுருவேன். திறப்பு விழாவைத் தள்ளி வைக்கணும். எனக்கு வேற வழியில்ல" என்றார்.

"போடுங்க மேடம்" என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். மில் பேக்கிங் வெட்டுகிற பெண், எஞ்சினுக்கெல்லாம் ஆசைப்பட்டாள், முடியவில்லை. அவ்வளவுதான். திரும்பி வந்த புள்ள இன்னொரு முறை திரும்பி வந்ததாக இருக்கும். ஆனால் கையில் கிழிந்த வளையம் இருந்தது. அதை அவளால் கீழே போட முடியவில்லை.

பட்டறையில் அதை வெளிச்சத்தில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஓர் இடத்தில் பிய்ந்திருந்தது. மற்ற இடமெல்லாம் புத்தம் புதிதாக இருந்தது. வெண்கல உருண்டையையும் பார்த்தாள். அதன் மேல் திரும்பிய தடமே இல்லை, ஒரு கீறல்கூட.

உருண்டை திரும்பவே இல்லை. அவள் திரும்ப விடவில்லை.

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. மில்லில் குழாய் எங்கே போகிறது? சுவரோடு சுவராகக் கிடக்கும். அங்கே இறுக்குவதுதான் வித்தை. அந்த வித்தையை அப்படியே கொண்டுவந்து, நடக்கிற இடுப்பில் சிமெண்ட் பூசியிருக்கிறாள். ஒரு சொட்டு ஒழுகக் கூடாது என்ற வீறாப்பில், மூட்டு எதற்காக இருக்கிறது என்பதே மறந்துவிட்டது. பட்டறைச் சோதனையிலும் அழுத்தத்தை ஏற்றினாளே தவிர, ஒரு தடவையாவது குழாயை ஆட்டிப் பார்த்தாளா?

"ஆச்சி, தப்பு என்னதுதான்."

"அது எனக்கும் தெரியும்த்தா. மேல சொல்லு."

மேலே சொன்னாள். வளையத்தை மொத்தையாக இல்லாமல், உதடு மாதிரி ஓரம் மெலிந்ததாகச் செய்ய வேண்டும். பின்னால் ஸ்பிரிங் வாஷர்கள் வைத்து, அவை தள்ளுகிற அளவுக்கு மட்டும் தள்ள வேண்டும். நட்டு அதற்கு மேல் இறுகாதபடி ஒரு தடை. அப்போது ஆவி ஏற ஏற அந்த ஆவியே உதட்டைத் தள்ளி உருண்டையோடு ஒட்ட வைக்கும். அழுத்தம் கூடினால் பிடி கூடும். ஆனால் உருண்டை வழுக்கித் திரும்பும்.

"அப்ப ஆவி கம்மியா இருக்கையில?"

அகல்யா கிழிந்த வளையத்தைக் கீழே வைத்தாள். "ஒழுகும் ஆச்சி. சூடேறுற வரைக்கும் கொஞ்சம் ஒழுகும்."

ஆச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒழுகாத பேக்கிங் என்று பட்டறைப் பலகையில் எழுதி வைத்திருப்பவர். "சரி. செய்யி. ஊர்ல கேட்டா நான் பேசிக்கிறேன்."

இந்த முறை ஆட்டிப் பார்க்காமல் எஞ்சினுக்குக் கொண்டுபோகக் கூடாது. நிஜ ஆவி வேண்டும். நிஜ ஆவி அவளுக்குத் தெரிந்தவர்களில் ஒருவரிடம்தான் இருந்தது.

பாண்டிமுருகன் முதலாளியிடம் சொல்லி அனுமதி வாங்கினார். மில்லின் ஓரத்துக் குழாய் ஒன்றில் மூட்டைப் பூட்டி, அதன் மறுமுனையில் ஆட்டுவதற்கு நீளமான கம்பி ஒன்றைக் கட்டினாள். செய்தி எப்படிப் பரவியதோ, பக்கத்து மில் பாய்லர்காரர்கள் நாலு பேரும் வந்து நின்றார்கள். இன்ஜினியர் மகள் அப்பா பாய்லரில் வேலை செய்கிற கண்காட்சியை யார் விடுவார்கள்?

ஆவியை மெல்லத் திறந்தார் பாண்டிமுருகன். குழாய் கடகடவென்று சூடேறியது. மூட்டின் அடியில் ஒரு சொட்டு திரண்டது. நின்றது. விழுந்தது.

"விழுந்துருச்சு! விழுந்துருச்சு!" என்று பக்கத்து மில் பெத்தன் குதித்தார். "ஏ பாண்டி, டீயிடா! இம்புட்டு வருசத்துக்கும் சேத்துக் குடிக்கணும்டா!"

பாண்டிமுருகன் முகம் கருத்துவிட்டது. கை தானாக ஸ்பேனரை எடுத்தது. "ஆத்தா, ஒரே ஒரு திருகு. அங்குட்டு நவுரு."

அகல்யா நட்டின் மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டாள். "வேணாம்ப்பா."

"ஒழுகுதுடி!"

"ஒழுகட்டும். இறுக்குனா திரும்பாதுப்பா. அன்னைக்கு இறுக்கித்தான் ஒடைச்சேன்."

"எம்பாய்லர்ல இவனுக முன்னாடி..."

"பைய ஏத்துங்கப்பா. பிரஷரை மட்டும் பைய ஏத்துங்க."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு ஸ்பேனரைத் தரையில் வைத்துவிட்டு வால்வுக்குப் போனார். தன் கௌரவத்தை இறக்கி வைத்துவிட்டு நடந்தது போலத்தான் இருந்தது அந்த நடை. அழுத்தம் காட்டும் முள் ஏறியது. சொட்டு இரண்டாவதாக விழுந்தது, மூன்றாவதாக விழுந்தது. நாலாவது திரண்டு, விழலாமா வேண்டாமா என்று தொங்கி, அப்படியே காய்ந்துபோனது. பெத்தன் குனிந்து மூட்டின் அடியைப் பார்த்தார். அகல்யா கம்பியைப் பிடித்து இடதுபுறம் தள்ளினாள். குழாய் வெண்ணெயில் போவதுபோல் திரும்பியது. வலதுபுறம் இழுத்தாள். கையை அடியில் காட்டினாள். காய்ந்த சூடு மட்டும் வந்தது. ஆட்டினாள், ஆட்டினாள், தோள் வலிக்கும்வரை ஆட்டினாள். அப்புறம் பாண்டிமுருகன் வந்து கம்பியை வாங்கி ஆட்டினார். அப்புறம் பெத்தனும்.

"நெசமாத்தான் புடிக்குது" என்றார் பெத்தன். "ஆனாலும் மூணு சொட்டு விழுந்துச்சு. சட்டம் சட்டந்தான்."

"வாடா, வாங்கித் தாறேன்" என்றார் பாண்டிமுருகன். "நல்லாக் கேட்டுக்க. எம்பாய்லருக்காக வாங்கித் தரலை. எம்மகளுக்காக வாங்கித் தாறேன். வடையும் சேத்துத் தின்னு."

கடைக்குப் போகும் வழியில் அவர் தனியாக அவளிடம் சொன்னார்: "ஆனா ஒண்ணு. இந்தச் சோலியை நம்ம மில்லுக்குக் கொண்டாந்துறாத. இங்க குழாய் எங்கயும் போகலை. இங்க நான் இறுக்குறதுதான்."

அதுவும் சரிதான் என்று அகல்யாவுக்குத் தோன்றியது. எதை எங்கே இறுக்குவது, எங்கே விடுவது என்று தெரிந்துகொள்ளத்தான் தன்னை வீட்டில் படிக்க அனுப்பினார்களோ? அதற்கான விடை எந்தப் புத்தகத்திலும் இருக்கவில்லை என்பதும் உண்மை. கிழிந்த வளையத்தைப் பார்த்ததும் அது ஏன் கிழிந்தது என்று படிக்க முடிந்ததே, அது எங்கிருந்து வந்தது? கல்லூரியிலிருந்தா, வீட்டிலிருந்தா? பிரிக்க முடியவில்லை. பிரிக்க வேண்டுமா என்றும் தெரியவில்லை.

இரண்டாம் ஓட்டத்துக்குச் சத்தியப்பிரியா யாரையும் அழைக்கவில்லை. ஆனால் கூட்டம் வந்திருந்தது. டிராக்டர்காரன் கேட்காமலே வண்டியைக் கொண்டுவந்து நிழலில் நிறுத்தியிருந்தான்.

காலை வெயிலில் எஞ்சின் சூடேறியது. பின் மூட்டில் சொட்டு விழுந்தது. கூட்டத்தில் ஒரு முனகல். மருதுபாண்டி எட்டிப் பார்த்து, "தங்கச்சி, ஒழுகுதேத்தா. ஒரு புடி புடிச்சுரவா?" என்றார்.

"நட்டைத் தொட்டீகன்னா நான் வீட்டுக்குப் போயிருவேண்ணே."

"அய்யய்யோ, தொடலை." அவர் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார்.

"மேல ஏறி வாங்க அகல்யா" என்று சத்தியப்பிரியா கூப்பிட்டார். அகல்யா மறுத்துவிட்டாள். எஞ்சினுக்குள் இருந்தால் மூட்டு தெரியாது. தெரியும் இடம் ஒன்றுதான். கண்மாய்க்கரை வளைவுக்கு முன்கூட்டியே நடந்துபோய், கரைச் சரிவில் நின்றுகொண்டாள்.

ஊதல் கேட்டது. மாமரங்களுக்கிடையில் வெள்ளை மூச்சு தெரிந்தது. புகை மெலிதாகத்தான் இருந்தது. வந்தது மரவட்டை. முன் எஞ்சின் வளைவுக்குள் நுழைந்து தலையைத் திருப்பியது. பாய்லர் நேராகவே வந்தது. ஒரு கணம் அந்த உடம்பு முழுக்க யோசிப்பது போலத் தெரிந்தது. பின்னர் பின் எஞ்சினும் திரும்பியது. அவள் கண் வேறெதையும் பார்க்கவில்லை. அடியில் உருண்டை கிண்ணத்துக்குள் மெல்லப் புரண்டது. வெண்கலத்தில் வெயில் பட்டு ஓர் ஒளி நகர்ந்தது. ஆவி இல்லை. சொட்டு இல்லை. முறுக்கல் சத்தம்கூட இல்லை. சக்கரங்கள் தடதடத்து அவளைத் தாண்டின. அவள் கூடவே ஓடினாள், செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல், மூட்டைப் பார்த்துக்கொண்டே. வளைவு முடிந்து இரண்டு எஞ்சினும் நேராக நின்று இழுத்தன. உருண்டை திரும்பப் பழைய இடத்துக்கு வந்தது.

சத்தியப்பிரியா ஜன்னலிலிருந்து பாதி உடம்பை வெளியே நீட்டிக் கத்தினார். என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. மருதுபாண்டி ஊதலை இழுத்த இழுப்பில் கண்மாய்க் கொக்குகள் மொத்தமாக எழும்பின. அங்கே மாந்தோப்பில் ஆச்சி யாரையோ பிடித்து வைத்துக்கொண்டு கையை ஆட்டி ஆட்டிப் பேசுவது சின்னதாகத் தெரிந்தது. பக்கத்தில் வேட்டியை மடித்துக் கட்டி நிற்பவர் அப்பாவாகத்தான் இருக்க வேண்டும்.

அகல்யா ஓட்டத்தை நிறுத்தினாள். கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஆடுகளைத் தண்ணீரோரம் மறித்துக்கொண்டு நின்ற பெண் ஒருத்தி, போகிற எஞ்சினையும் இவளையும் மாறிமாறிப் பார்த்தாள். அன்றைக்கு ஆவி வெடித்தபோது ஆடுகளைத் தேடி அலைந்தவள் இவளாகத்தான் இருக்கும்.

"என்னத்தா, இன்னைக்கு வெடிக்காதா?"

"வெடிக்காதுக்கா."

"ஒனக்கு எப்புடித் தெரியும்?"

"அதுல மூட்டு நான் செஞ்சது" என்றாள் அகல்யா. "நான் இன்ஜினியர்."

வாய்விட்டு அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அந்தப் பெண் தலையாட்டினாள்.

"அப்ப அடுத்த சுத்துக்கு ஊதாமப் போகச் சொல்லு. ஆடு மெரளுது."

"சொல்றேன்" என்று எழுந்தாள் அகல்யா. மரவட்டை கண்மாயைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்க வளைவுக்கு வந்துகொண்டிருந்தது. அது எதிர்ப்பக்கமாகத் திரும்பும் வளைவு. அதையும் கிட்ட நின்று பார்க்க வேண்டும் என்று, வெறுங்காலோடு கரைமேல் விரைந்தாள்.